கேட்டறிந்த பின்னே சீட்டெழுதிய டெல்ஃபீன் லமரோ அவர்களுக்கு

கொக்குக்கால் ஏரியின் கொடும்பனியிலும் குலையாத நெஞ்சுரம் கொண்டவரே! காட்டரிசி விளையும் கரையெங்கும் கால்பதித்த காவலரே! ஸ்டர்ஜன் குலத்தில் பிறந்து, ஸ்டர்ஜன் மீனுக்காகவே ஆற்றோரம் அலைந்த அம்மையே! சட்டத்தைச் சாட்டையாகச் சுழற்றாமல் விளக்காக ஏந்தி, இருண்ட இடத்திலெல்லாம் எட்டிப் பார்த்த எங்கள் தலைவியே! இன்று சீருடை களைந்து வீடு திரும்பும் உங்களை, உங்கள் படகிலும் வண்டியிலும் பக்கத்தில் அமர்ந்து பழகிய நாங்கள், நெஞ்சு நிறைந்து வணங்கி வாழ்த்தி, இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

மடல் எழுதப் போகிறோம் என்று வந்து சொன்னபோது, நீங்கள் படகின் இயந்திரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டிருந்தீர்கள். "என்னத்த எழுதப் போறீங்க? நல்லவ, வல்லவ, அதானே? அதெல்லாம் செத்தப்புறம் எழுதிக்கலாம். நடந்தது ஏதாவது இருந்தா எழுதுங்க" என்றீர்கள். ஆகவே உங்கள் குணங்களை வரிசைப்படுத்தும் வேலையை விட்டுவிட்டு, நடந்த ஒன்றையே எழுதுகிறோம். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கூடத்தில் அமர்ந்திருக்கும் பலருக்கு அதன் பாதி மட்டுமே தெரியும்.

ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லியாக வேண்டும். நம் ஒஜிப்வே இனக்குழுவின் இயற்கைவளக் காவல் பிரிவை நீங்கள் ஏற்றபோது, இரவல் படகும் இருமும் வண்டியுமே அதன் சொத்து. மாநிலக் காவலர்கள் நம் மக்களின் வலைகளைப் பறித்துப் போவதும், நம் மக்கள் நம் காவலர்களையே நம்பாமல் ஒளிந்து மீன்பிடிப்பதும் அன்றைய வழக்கம். அந்த நிலையில் நீங்கள் கையிலெடுத்த முதல் கருவி கேள்விதான். ஒரு படகை நிறுத்தினால், "என்ன கிடைச்சுது?" என்று தொடங்குவீர்கள். "ஏன் இந்தப் பக்கம் வந்தே? அந்தப் பக்கம் மீன் இல்லையா? தண்ணி எப்படி இருக்கு? வாத்து வந்துடுச்சா?" என்று போய்க்கொண்டே இருப்பீர்கள். "டெல்ஃபீன் கையில மாட்டினா அபராதத்தைக் கட்டிடலாம், அவ கேள்விக்குப் பதில் சொல்லி முடியாது" என்று ஊரில் சலித்துக்கொள்ளாதவர் இல்லை. வயிற்றுக்காகப் பிடித்தவனையும் விற்பதற்காகப் பிடித்தவனையும் அந்தக் கேள்விகளே பிரித்துக் காட்டின. இருவருக்கும் சட்டம் ஒன்றே என்றாலும், நீதிமன்றத்தில் நீங்கள் சொன்ன சொல் ஒன்றாக இருந்ததில்லை.

இனி அந்த வசந்தத்துக்கு வருகிறோம்.

அணை கட்டியபின் நம் ஆற்றை விட்டே போய்விட்ட மீன் ஸ்டர்ஜன். நம் பெரியவர்கள் காலத்தில் மீன் பண்ணையில் குஞ்சு பொரித்து, ஆண்டுதோறும் ஆற்றில் விட்டு, வளர்ந்து திரும்பி வருமா என்று ஒரு தலைமுறையே காத்திருந்தது. பனி உருகி, ஆறு புரண்டோடிய அந்த வசந்தத்தில், ஆள் நீளப் பெண்மீன் ஒன்று, துடுப்பில் நம் பண்ணையின் தகட்டோடு, அணைக்குக் கீழே முட்டையிட வந்து சேர்ந்தது. ஊரே கரைக்கு வந்தது. முரசு கொட்டினார்கள். காணிக்கையாகப் புகையிலை தூவினார்கள். ஸ்டர்ஜன் குலத்தவர் அழுதார்கள். நீங்கள் சீருடையில் இருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டீர்கள்.

சில நாள் கழித்து அந்த மீன் அணையின் கீழ்ப் பாறையில் செத்துக் கிடந்தது. வயிறு அறுக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த சினையைக் காணோம்.

முதலில் கண்டவர் நம் ஆட்சிமன்ற உறுப்பினர் பியூலா கிங்பேர்ட். அவர் போட்ட சத்தத்தில் நண்பகலுக்குள் ஊர் முழுவதும் கூடிவிட்டது. எல்லார் வாயிலும் ஒரே பெயர்: வெண்டல் கூர்ஷேன். உங்கள் தாய்மாமன் மகன். மூடிய பருவத்தில் வலை போட்டதற்காக முன்பொரு முறை நீங்களே பிடித்து நிறுத்தி, ஆற்றுப் பக்கமே போகக் கூடாதென்று நம் நீதிமன்றம் தடை விதித்த ஆள். அவர் வண்டி அணைச் சாலையில் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

மாநிலக் காவலர் ஸ்டென்ஸ்ருட் உடனே வந்து இறங்கினார். "சினைக்காகத்தான் இது. நகரத்துல இதுக்கு அடிச்சுக்கிறாங்க. ஆளைக் குடுங்க, எங்க கோர்ட்ல நிறுத்துறேன். ஜெயிலுக்குப் போவான்."

"மீன் கிடந்த பாறை எங்க எல்லைக்குள்ள. ஆளு எங்காளு. சட்டமும் எங்ககிட்டயே இருக்கு" என்றீர்கள். "நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கணும். சினையைத் திருடுறவன் மீனோட தலைமாட்டுல புகையிலை வெச்சுட்டுப் போவானா?"

ஸ்டென்ஸ்ருட் குனிந்து பார்த்தார். மீனின் தலைக்கருகே ஒரு சிட்டிகைப் புகையிலை, ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. அத்தனை பேர் சுற்றி நின்றும் அதுவரை ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அன்று மாலை ஆட்சிமன்றம் கூடியது. வெண்டலின் மீன்பிடி உரிமையையும் காட்டரிசி எடுக்கும் உரிமையையும் ஆயுளுக்கும் பறிக்க வேண்டும் என்று பியூலா மேசையைத் தட்டினார். "ஏன் இன்னும் அவனைப் பிடிக்கல? மாமன் மகன்னு பாக்குறியா?"

"மாமன் மகன்னு பாத்திருந்தா அன்னிக்கு அவன் வலையைப் பிடுங்கியிருக்க மாட்டேன், பியூலா. எங்க மாமா இன்னும் என்கூடப் பேசறதில்ல."

"அப்புறம் என்ன தடுக்குது?"

"எனக்கு ஒண்ணு புரியல. கறி அப்படியே கிடக்கு. நம்மாளு எவன் ஸ்டர்ஜன் கறியை விட்டுட்டுப் போவான்? நீ விட்டுட்டு வருவியா?"

பியூலாவின் கோபம் குறையவில்லை. "புரியற வரைக்கும் நீ யோசிச்சுக்கிட்டே இரு. அடுத்த கூட்டத்துல நாங்க ஓட்டுப் போட்டுடுவோம்" என்று எழுந்து போய்விட்டார். வெண்டலின் வாழ்க்கை அந்த ஓட்டில் தொங்கியது. ஏரியும் ஆறும் மூடப்பட்டால் நம்மில் ஒருவருக்கு இந்த ஊரில் இருந்தும் இல்லாத கதிதான்.

மறுநாள் காலை நம் காவலர் லியாண்டரை அழைத்துக்கொண்டு பாறைக்குப் போனீர்கள். அன்று நடந்ததை லியாண்டர் எத்தனையோ முறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். மீன் கிடந்த இடத்தை நீங்கள் பார்க்கவே இல்லையாம். அதைச் சுற்றியிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினீர்களாம். கல்லின் அடியில் நீர்ப்பூச்சிகள் கூட்டோடு ஒட்டி, இன்னும் முழுதாய்க் காயாமல் செத்திருந்தன. பாறை இடுக்கில் பொடிமீன்கள் வெள்ளி வெள்ளியாகக் கிடந்தன. இடுப்பளவு உயரத்தில் பாசி பச்சை மாறாமல் இருந்தது.

"லியாண்டர், இங்க தண்ணி நின்னிருக்கு. எங்க போச்சு?"

"வசந்தத்துல தண்ணி ஏறும் இறங்கும், சீஃப்."

"இந்தப் பூச்சிக்கு அது தெரியாதா? மெதுவா இறங்கினா நகர்ந்து போயிருக்குமே. அதுக்கு நேரமே கிடைக்கல. திடீர்னு போயிருக்கு."

அணையின் மின் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, தண்ணீரைக் குறைக்கவே இல்லை என்று பதில் வந்தது. பூச்சிகள் ஒட்டிய கற்களைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு, வண்டியை வெண்டல் வீட்டுக்கு விடச் சொன்னீர்கள்.

வெண்டல் வாசலிலேயே நின்றார். "என்ன அத்தை மகளே, துப்பாக்கியோட மாப்பிள்ளை கேக்க வந்திருக்கியா?"

"உன்னைக் கட்டிக்கிறதுக்கு ஒரு முள்ளம்பன்றியைக் கட்டிக்கலாம், மச்சான். காபி இருக்கா?"

"இருக்கு. பால் இல்ல."

மூவரும் சமையலறையில் அமர்ந்தீர்கள். லியாண்டர் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாராம். நீங்களோ கூச்சப்படவே இல்லை. "குளிச்சு ரொம்ப நாளாச்சு போலிருக்கே?"

"பைப்பு ரிப்பேரு."

"தண்ணி ஓடுற சத்தம் கேக்குதே."

"அது ஓடை."

"ஓடை வீட்டுக்கு வெளியிலதானே ஓடணும்? இது கதவுக்குப் பின்னாடி ஓடுது."

வெண்டல் காபியைக் கலக்கினார். அதில் கலக்குவதற்கு எதுவும் இருக்கவில்லை.

"சரி, நான் பாத்ரூம் போகணும்" என்றீர்கள்.

"அடைச்சுக்கிச்சு. வெளிய போ. காடு கிடக்கு அவ்வளவு பெருசா."

வெளியே போனீர்கள். வீட்டின் பின்புறம் ஓடையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் குளியலறைச் சன்னலுக்குள் நுழைந்தது. இன்னொரு குழாய் வெளியே வந்து ஓடைக்கே திரும்பியது. சன்னலில் துணி தொங்கியது. அந்தத் துணியை ஒரு விரலால் விலக்கியிருந்தால் உள்ளே தெரிந்திருக்கும். நீங்கள் விலக்கவில்லை. சன்னலுக்கு வெளியே நின்றபடியே குரல் கொடுத்தீர்கள். "மச்சான், உள்ள வரலாமா? இல்ல, நீதிபதிகிட்டப் போய் உத்தரவு வாங்கிட்டு வரட்டுமா?"

உள்ளிருந்து வெண்டலின் குரல் தணிந்து வந்தது. "வா. கதவை மெதுவாத் திற. அதுங்க அதிரும்."

குளியல் தொட்டி நிறைய ஓடைத் தண்ணீர். அதில் சன்னல் வலைகளும் சமையல் சல்லடைகளும் அடுக்கடுக்காக இறக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் கறுத்த மணிமணியாய் ஸ்டர்ஜன் முட்டைகள். சில இடத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வெண்டல் தொட்டியோரம் முழங்காலிட்டு, ஒரு வான்கோழி இறகால் கெட்டதை நல்லதிலிருந்து ஒதுக்கத் தொடங்கினார். நீங்கள் அவர் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"சொல்லு" என்றீர்கள்.

"மீனைப் பாக்கத்தான் போனேன். தினம் போவேன். வலையெல்லாம் இல்ல, சும்மா மரத்துக்குப் பின்னாடி நின்னு பாப்பேன். அன்னிக்கு அணையில ஊதல் ஊதுச்சு. அப்புறம் பாத்துக்கிட்டு இருக்கும்போதே தண்ணி வடிஞ்சுடுச்சு. ஆண்மீனெல்லாம் சின்னது, ஒவ்வொண்ணா அணைச்சுத் தூக்கிட்டுப் போய் ஆழத்துல விட்டேன். அவளைத் தூக்க முடியல, டெல்ஃபீன். என்னைவிடக் கனம். கத்தினேன். யாரும் வரல. தொப்பியில தண்ணி மோந்து மோந்து ஊத்தினேன்."

இறகு நின்றது.

"செத்துட்டா. சினை தானாவே வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பண்ணையில ஒரு பருவம் வேலை பாத்தேனே, அப்ப பாத்தது. அறுத்தேன். கடைசி ஆண்மீனைப் பிழிஞ்சு விந்துப் பாலை எடுத்துச் சினையில கலந்து, முட்டை ஒட்டிக்காம இருக்கக் களிமண்ணைக் கரைச்சு... சரியாச் செஞ்சேனான்னு தெரியல."

"ஏன் எங்ககிட்ட வந்து சொல்லல?"

"ஆத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு என்னை நிறுத்தினது யாரு? சொல்லியிருந்தா முதல்ல எனக்கு விலங்கு. அப்புறம் இந்த முட்டையைச் சாட்சின்னு சொல்லி ஐஸ் பெட்டியில போட்டுச் சீல் வெச்சிருப்பீங்க. வெச்சிருக்க மாட்டீங்களா?"

நீங்கள் மறுக்கவில்லை. நம் விதிப்படி நாங்கள் அதைத்தான் செய்திருப்போம்.

உடனே மீன் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பிரிசில்லாவை வரவழைத்தீர்கள். அவர் தொட்டியில் வெப்பமானியை விட்டுப் பார்த்துவிட்டு வெண்டலைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "தண்ணி சூடேறிடுச்சு, பாரு! நாளைக்கு வந்திருந்தா எல்லாம் போயிருக்கும். இவ்வளவு நெருக்கமாவா வைப்பாங்க?" வெண்டல் முதல்முறையாகத் தலைகுனிந்தார். பிழைத்த முட்டைகள் வாளி வாளியாகப் பண்ணைக்குப் போயின.

அதன்பின் நீங்கள் செய்ததை, தலைவியே, நாங்கள் இன்றுவரை பேசிப் பேசி வியக்கிறோம். அதே சமையலறை மேசையில் அமர்ந்து, தடையை மீறி ஆற்றுக்குப் போனதற்காக வெண்டலுக்கு ஒரு அபராதச் சீட்டு எழுதினீர்கள்.

"நெஜமாவா எழுதுற?"

"நெஜமாத்தான். இன்னொண்ணும் கேக்கணும். தண்ணி வடிஞ்சதைக் கண்ணால பாத்தவன் நீ ஒருத்தன்தான். எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?"

"சொன்னா நான் அங்க இருந்தேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுமே. இந்தச் சீட்டு உறுதியாயிடும்."

"ஆமா. உறுதியாயிடும்."

"உன்னை மாதிரி ஒரு சொந்தக்காரி யாருக்கும் வாய்க்கக் கூடாது" என்று சொல்லி, வெண்டல் உங்கள் காபியை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னீர்கள். "அவன் ஓடி வர வேண்டிய இடம் நம்ம ஆபீஸு, லியாண்டர். ஆனா நம்மளைப் பாத்துத்தான் அவன் ஓடினான்" என்றீர்கள். அதற்குமேல் வீடு வரை ஒன்றும் பேசவில்லை. கேள்வி கேட்காத டெல்ஃபீனை அன்றுதான் பார்த்ததாக லியாண்டர் சொல்வார்.

விசாரணை இதே கூடத்தில் நடந்தது. ஆட்சிமன்றம், நம் நீதிபதி, ஸ்டென்ஸ்ருட், மின் நிலையத்தின் அதிகாரி ஒருவர், அவரோடு அணையின் மதகு இயக்குபவர். உட்கார இடமில்லாமல் மக்கள் சுவரோரம் நின்றார்கள். நீங்கள் கற்களை மேசைமேல் வைத்தீர்கள். "பூச்சி எப்ப வேணா சாகும்" என்று அதிகாரி சிரித்தார். "தண்ணீர் குறையவில்லை என்பதே எங்கள் நிலைப்பாடு." வெண்டலின் நாற்காலி காலியாக இருந்தது. பியூலா உங்களைப் பார்த்தார். நீங்கள் கதவைப் பார்த்தீர்கள்.

கதவு திறந்தது. குளித்து, சடை பின்னி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்த மனிதரைப் பலருக்கு அடையாளமே தெரியவில்லை. "தாமதமாயிடுச்சு. இப்பத்தான் என் தொட்டி எனக்குக் கிடைச்சுது" என்றார் வெண்டல். கூடம் சிரித்தது; அது அடங்குமுன் அவர் பேசத் தொடங்கிவிட்டார். ஆற்றில் இருந்ததை ஒப்புக்கொண்டார். தண்ணீர் வடிந்ததைச் சொன்னார். தொப்பியால் நீர் மொண்டதைக் கையாலேயே செய்து காட்டினார். "அதுக்கு முன்னாடி ஊதல் ஊதுச்சு. நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு."

அந்தச் சொல்லில் மதகு இயக்குபவர் தலையைத் தொங்கப் போட்டதை, கூடத்தில் முதலில் கவனித்தவர் நீங்கள். அதட்டலோ மிரட்டலோ இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பது போலக் கேட்டீர்கள். "ஐயா, நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு ஊதினா என்ன அர்த்தம்?"

அவர் தம் அதிகாரியைப் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார். "மதகை மூடுறோம்னு அர்த்தம்மா. மதகுக் கம்பியில குப்பை அடைச்சிருந்துச்சு. எடுக்கறதுக்காக மூடினோம். கீழ மீன் இருக்கும்னு யாரும் எங்களுக்குச் சொல்லல."

அன்று முதல் முட்டையிடும் பருவத்தில் நம் அலுவலகத்துக்குச் சொல்லாமல் மதகு மூடப்படுவதில்லை. மூடினாலும் மெல்ல மெல்லத்தான். நாங்கள் முன்னதாகப் போய்க் குட்டை குட்டையாகத் தேடி, சிக்கிய மீனைத் தூக்கி ஆழத்தில் விடுகிறோம். பல ஆண்டுகளில் வேறு பல ஆறுகளின் மக்கள் வந்து அந்த ஏற்பாட்டைக் கற்றுச் சென்றார்கள்.

ஆயுள் தடைக்கான ஓட்டு கைவிடப்பட்டது; வெண்டலின் பழைய தடை இன்னும் ஒரு பருவம் நீண்டது. ஆயினும் அந்தக் காலம் முழுவதும் பிரிசில்லாவின் கீழ்ப் பண்ணையில் வேலை செய்ய நம் நீதிபதி ஆணையிட்டார். எது பெரிய தண்டனை என்று வெண்டலைக் கேட்டால் இன்றும் பிரிசில்லா பக்கம்தான் கைகாட்டுவார். பியூலா ஒருநாள் பண்ணைக்குப் போனார். "மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். காட்டரிசிக் கஞ்சி கொண்டாந்திருக்கேன், ஆறறதுக்குள்ள குடி" என்று பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தார். தொட்டியில் பிழைத்தவை கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தை ஆற்றில் விட்டபோது ஸ்டென்ஸ்ருட்டும் விடுப்புப் போட்டுவிட்டு வந்து கரையில் நின்றார்.

அந்த வழக்குக்குப் பிறகு நம் பிரிவில் புது விதி ஒன்றை எழுதி, ஆட்சிமன்றத்தோடு மல்லுக்கட்டி நிறைவேற்றினீர்கள். அடிபட்ட உயிரையோ, அழிந்த கூட்டையோ, கெட்ட நீரையோ கண்டு தானாக வந்து சொல்பவரை, முதலில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்; உயிரைக் காப்பாற்ற வேண்டும்; சீட்டைப் பற்றிய பேச்சு அதன் பின்புதான். அதன்பின் நம் கதவு தட்டப்படாத வாரமே இல்லை. வலை போட்டவரும் வருகிறார், அவரைக் காட்டிக்கொடுப்பவரும் வருகிறார். சில சமயம் இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்குகிறார்கள். காவல் என்பது கையை முறுக்குவது அன்று, காதைக் கொடுப்பது என்று எங்களுக்குக் காட்டிய கண்மணியே, இந்த ஊர் எங்களை நம்புகிறதென்றால் அந்த நம்பிக்கை உங்கள் கைவேலை.

சென்ற வாரம் நீங்கள் அலுவலக அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, சன்னலுக்கு வெளியே ஆற்றில் ஒரு ஸ்டர்ஜன் முழு உடலோடு நீருக்கு மேலே துள்ளி, பேரொலியோடு விழுந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டீர்கள். "இது ஏன் துள்ளுது?" என்று கேட்டீர்கள். ஒருவர் பூச்சி என்றார். ஒருவர் காற்றுக்காக என்றார். ஒருவர் ஒன்றையொன்று கூப்பிடுகிறது என்றார். பிரிசில்லாவைத் தொலைபேசியில் கேட்டோம். யாருக்குமே சரியாகத் தெரியாது என்று அவர் சொன்னதும் உங்கள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை, பதவி உயர்வு வந்த நாளிலும் நாங்கள் கண்டதில்லை. "அப்ப எனக்கு வேலை இருக்கு" என்றீர்கள்.

ஆகவே, அன்புத் தலைவியே, ஓய்வெடுங்கள் என்று உங்களை வாழ்த்த எங்களுக்கு மனம் வரவில்லை. கண்ணொளி மங்காமல், கால் தளராமல், பனியுருகும் பருவங்கள் பலப்பல கண்டு, உங்கள் மடக்கு நாற்காலியோடு அந்தக் கரையில் அமர்ந்திருங்கள். உடல் நலமும் உள்ள நலமும் உற்றார் கேலியும் உடனிருக்கட்டும். எங்கள் படகு உங்கள் கரையைக் கடக்கும்போதெல்லாம் இயந்திரத்தை அணைத்துவிட்டு அருகில் வந்து கேட்போம்.

ஏன் துள்ளுகிறது என்று தெரிந்ததா, சீஃப்?

நன்றியிலும் அன்பிலும் நனைந்த,
லியாண்டரும் மற்ற காவலர்களும் அலுவலர்களும்,
இயற்கைவளக் காவல் பிரிவு,
கொக்குக்கால் ஏரி ஒஜிப்வே மக்கள்.